யவனர் மெய்ந்நூலும் அதனை வளர்த்த சமுதாயமும்

குடம் ஒன்று தோன்றுதற்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்பது நம் நூல்களிற் பெரிதும் பயின்ற உவமையாகும். ஒரு நாட்டில் மெய்ப்பொருளாராய்ச்சி தோன்றி வளர்ந்த வரலாற்றை ஆராயப் புகுவார்க்கும் இப்பாகுபாடு பயன்படுவதேயாம். உலகின் இயல்பு யாது, உயிர் யாது, நன்மை தீமைகள் யாவை என அறிய அவாவும் வேட்கை மக்கட்கெல்லாம் பொதுவாயுள்ளது. அது மண் போல்வது. அவ்வேட்கையை எடுத்து உருப்படுத்தும் பேரறிஞர் குயவனை யொப்பர். இவ்விரண்டிற்கும் இடைநின்று துணைசெய்யும் திரிகையாவது அவர் பிறந்து வாழ்ந்த சமுதாயம். திரிகையின்றிக் குடம் உருவாதல் இல்லை; எனினும், குடத்தைத் திரிகையே வனைந்தது என்பாரும் இலர். தத்துவ வரலாறு எழுதுவாருள் ஒரு சாரார் அறிஞரை மட்டும் புகழ்ந்து சமுதாயத்தை மறப்பர்; மற்றொரு சாரார் சமுதாயமே எல்லாம் எனக் கூறி அறிஞரை அதன் நிழலாக்குவர். இவ்விரு குற்றமும் நேராவண்ணம் பண்டைக் கிரேக்கரது மெய்ந்நூல் வரலாற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

அங்ஙனம் ஆராயுமிடத்து ஒரு வினா நம் நெஞ்சை உறுத்தாது விடாது. சொல்லுரிமையையே தன் பெருஞ்செல்வமாகப் பாராட்டிய ஏதென்ஸ் நகரம், தன் மக்களுள் தலைசிறந்தவராகிய சாக்ரட்டீஸ் என்பாரைக் கி.மு. 399-ஆம் ஆண்டில் நஞ்சூட்டிக் கொன்றது எற்றுக்கு? வளர்த்த கையே வெட்டியது யாங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை காண்டலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

அயோனியக் கரை

கிரேக்கரைத் தமிழர் 'யவனர்' என்றனர். இப்பெயர் அயோனியா என்னும் நாட்டுப் பெயரினின்றும் பிறந்தது. பாரசீகர் 'யௌன' என்றும், வடநூலார் 'யவன' என்றும் வழங்கிய பெயரே தமிழிலும் வழங்குவதாயிற்று. சின்ன ஆசியாவின் மேலைக் கடற்கரையும் அதனை யடுத்த தீவுகளுமே அவ் அயோனியா. கிரேக்க மெய்ந்நூலின் தொட்டிலும் அதுவே. ஆகலின், தமிழர் அம்மக்களைக் குறித்து வழங்கிய பெயரிலேயே அவர்தம் அறிவு தோன்றிய இடம் பொதிந்து கிடக்கின்றது.

அயோனிய நகரங்களுள் மைலீட்டஸ் தலைமை பெற்றது. மியாண்டர் யாறு கடலொடு கலக்குமிடத்து, நான்கு துறைமுகங்களுடன் அது விளங்கிற்று. அதன் மக்கள் கருங்கடற் கரையிற் பற்பல குடியேற்றங்களை நிறுவினர். எகிப்து நாட்டு நௌக்ரட்டிஸ் என்னும் வணிகப் பதியிலும் இடம் பெற்றனர். அவர்க்கு அண்மையிலிருந்த லிடியா நாட்டில் நாணயம் அடிக்கும் வழக்கம் தோன்றி, அவர்தம் வாணிகத்தை எளிதாக்கிற்று. பினீஷியரிடமிருந்து பெற்ற நெடுங்கணக்கில் உயிரெழுத்துக்கட்கும் குறிகள் அமைத்துக்கொண்டமையின், எழுத்தறிவு எழுத்தர் கூட்டத்தார் சிலர்க்கே உரியதாகாது வணிகர்க்கும் கைவினைஞர்க்கும் எட்டுவதாயிற்று.

இவற்றிற்கும் மெய்ந்நூலிற்கும் இயைபு யாதெனின், கூறுதும். ஒரே ஊரில் ஒரே கதையைக் கேட்டு வளர்வானுக்கு அக்கதையின்மேல் ஐயம் எழுதல் அரிது. எகிப்தியன் ஞாயிற்றைப் பற்றி ஒன்று கூறுகின்றான். பாபிலோனியன் வேறொன்று கூறுகின்றான். கிரேக்கன் பிறிதொன்று கூறுகின்றான். மூவர் கூற்றையும் ஒரே துறைமுகத்தில் நின்று கேட்பவன், 'ஞாயிறு ஒன்றாயிருக்க, அதன் வரலாறு மூன்றாவது எவ்வாறு?' என்று வினவாதிருத்தல் இயலாது. அவ்வினாவே ஆராய்ச்சியின் வித்து.

அவ்வித்து முளைத்த நிலம் மைலீட்டஸ். முதல் உழவர் தேலீஸ். எல்லாப் பொருட்கும் மூலம் நீரே என்று அவர் கூறினர். கி.மு. 585-ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஞாயிற்று மறைப்பை அவர் முன்னரே உரைத்தாரென ஹெரொடோட்டஸ் எழுதுகின்றார். அவர் வறியராயிருத்தல் கண்டு, 'நின் கல்வியாற் பயன் என்?' என்று சிலர் இகழ, வரும் பருவத்தில் ஒலிவம் மிக விளையும் என்பதை வானிலை நோக்கி உணர்ந்து, மைலீட்டஸிலும் கியாஸ் தீவிலுமுள்ள செக்குக்களையெல்லாம் மாரிக்காலத்திலேயே குறைந்த பொருட்குக் குத்தகை கொண்டு, விளைவு வந்தபோது தாம் குறித்த விலைக்கு விட்டுப் பெரும்பொருள் ஈட்டிக் காட்டினாரென அரிஸ்டாட்டில் கூறுவர். இக்கதை மெய்யாயினும் ஆகுக, புனைந்துரையாயினும் ஆகுக. செக்கும் குத்தகையும் விலையும் அறிந்த வணிகரிடையே அம்மெய்ந்நூல் பிறந்தமையை அது நன்கு காட்டும்.

தேலீஸின் வழிவந்த அனாக்ஸிமாண்டர், மூலப்பொருள் நீரன்று, வரம்பற்றதாகிய ஒன்று என்றார். உலகப் படம் ஒன்றையும் முதன்முதல் வரைந்தனர் என்ப. அவர்க்குப் பின்வந்த அனாக்ஸிமனீஸ் காற்றே மூலம் என்றார். நீரோ காற்றோ என்னும் முடிபு ஈண்டு முதன்மையன்று. மாணாக்கர் ஆசிரியரை மறுத்தும் அவரைப் பழித்தாரல்லர். தம் கொள்கைக்குக் காரணங்காட்டி நிறுவினர். காரணங்காட்டலே அவர் விட்டுச்சென்ற பெருஞ்செல்வமாம்.

ஈண்டு ஒரு தடை நிகழும். வாணிகமே மெய்ந்நூலைத் தோற்றுவிக்குமெனின், வாணிகத்திற் கிரேக்கர்க்கு ஆசிரியராயிருந்த பினீஷியரிடத்து அது தோன்றியதற்குச் சான்றின்மை என்னை? தடை பொருத்தமுடையதே. அதனாலன்றோ வாணிகம் ஒன்றே போதாதென்பது பெறப்படுகின்றது. கிரேக்கரிடத்து வேறு இரண்டு இயல்புகளும் உடனிருந்தன. அவருள் ஒன்று, சிறு நகரம் ஒவ்வொன்றும் தனியரசாய், மக்கள் கூடிப் பொதுவிடத்தில் வழக்காடும் முறை. கிரீட் தீவின் ட்ரீரஸ் நகரத்துச் சட்டம் கி.மு. ஏழாம் நூற்றாண்டிலேயே கல்லிற் பொறிக்கப்பட்டமை இன்றும் காணக் கிடக்கின்றது. கல்லிற் பொறித்த சட்டத்தை யாவரும் காணலாம், கண்டவர் வினவலாம், வினவினார்க்கு விடை கூறல் வேண்டும். மன்றத்திற் பயின்ற இவ்வழக்கமே பின்னர் உலகத்தின் மீதும் ஓடி, 'இது எக்காரணத்தால் இங்ஙனமாயிற்று?' எனக் கேட்கச் செய்தது.

மற்றொன்று, கிரேக்கர்க்கு மறை போன்ற ஒரு நூலும், அதனைக் காக்கும் தனிக் குருமார் வகுப்பும் இல்லாமை. கோயிற் பூசனை நகரத்தாரால் நியமிக்கப்பட்டோரால் நிகழ்ந்தது. தெய்வங்களைப் பற்றி அவர் அறிந்தனவெல்லாம் ஹோமர், ஹீசியட் என்னும் புலவர் பாடிய கதைகளே. புலவர் கூற்றை மறுத்தல் குற்றமாகக் கருதப்பட்டிலது. இதனால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. தடையின்றி ஆராய்ந்தது நன்மை. ஆராய்ந்தார்க்கும் வழிபட்டார்க்கும் இடையே பாலமின்றிப் போனது தீமை. அத்தீமை பின்னர் விளைத்த கேட்டைப் பின்னே காண்பாம்.

ஸெனொபனீஸும் பைதாகொரஸும்

கி.மு. ஆறாம் நூற்றாண்டின் நடுவிற் பாரசீகர் அயோனியாவை வென்றனர். அறிஞர் பலர் மேற்கே சென்று இத்தாலியிலும் சிசிலியிலும் இருந்த கிரேக்க நகரங்களிற் குடிபுகுந்தனர். கொலொபன் ஊரினராகிய ஸெனொபனீஸ் இளமையிலேயே ஊர்விட்டு, அறுபதிற்கும் மேற்பட்ட ஆண்டுகள் நாடு பல திரிந்தவர். களவும் காமமும் வஞ்சனையுமாகிய மக்கட் குற்றங்களைத் தெய்வங்கட்கு ஏற்றிய புலவரை அவர் கடிந்தார். எத்தியோப்பியர் தம் தெய்வத்தைக் கருநிறமுடையதாகவும், திரேசியர் தம் தெய்வத்தை நீலக் கண்ணுடையதாகவும் கருதுகின்றனரென்றும், எருதிற்கும் குதிரைக்கும் கையிருப்பின் அவையும் தத்தம் வடிவிலேயே தெய்வத்தை எழுதுமென்றும் நகையாடினார். ஆயினும் அவர் தெய்வமில்லை என்றாரல்லர். மக்களை வடிவாலும் எண்ணத்தாலும் ஒவ்வாத ஒருவனே தலைமைக் கடவுள் என்றும், அவன் அசைவின்றி நின்றே தன் எண்ணத்தால் அனைத்தையும் இயக்குவன் என்றும் கூறினர். நாடுகள் பலவற்றைக் கண்ட அலைவே அவர்க்கு இக்கருத்தை நல்கியதென்னல் பொருந்தும்.

சேமாஸ் தீவினராகிய பைதாகொரஸ், கி.மு. 530-ஐ யொட்டி இத்தாலியின் குரோட்டன் நகரிற் குடியேறி ஒரு கூட்டம் நிறுவினார். உயிர் அழியாததென்றும், அது பல பிறவிகளிற் புகுமென்றும் அவர் கொண்டனர். அடியுண்ட நாய்க்குட்டியின் குரலிற் கழிந்துபோன தம் நண்பர் ஒருவரின் குரலை அவர் கேட்டாரென ஸெனொபனீஸ் எள்ளி எழுதியமையின், இக்கொள்கை அவர்க்கு உண்மையாகவே உரியது என்பது துணிபு. புலால் மறுத்தல் அக்கூட்டத்தாரின் நோன்புகளுள் ஒன்றென்பர்.

இதனைக் கண்டு, பைதாகொரஸ் நம் நாட்டினின்றே மறுபிறப்புக் கொள்கையைப் பெற்றாரென உரைப்பாரும் உளர். கிரேக்கர் அதனை எகிப்தியரிடமிருந்து பெற்றனரென ஹெரொடோட்டஸ் எழுதினர். எகிப்தியருடைய பழைய எழுத்துக்களிலோ அக்கொள்கை அங்ஙனம் காணப்பட்டிலது. இந்தியத் தொடர்பிற்கும் இதுகாறும் தக்க சான்று கிடைத்திலது. ஒத்த கருத்து இரண்டிடத்துக் காணப்படின், ஒன்று மற்றொன்றினின்றும் வந்ததென உடனே துணிதல் அளவை நூலார்க்கு உடன்பாடாகாது. சான்றில்வழிப் பெருமை கொள்ளுதல் நமக்கு அழகன்று. உயிரைப் பற்றிய பேருண்மை இரு நாட்டார் நெஞ்சிலும் தனித்தனியே தோன்றியிருப்பினும் அதனால் அதன் மதிப்புக் குறையுமோ?

ஏதென்ஸின் குடியாட்சி

மைலீட்டஸ் நகரைக் கி.மு. 494-ஆம் ஆண்டிற் பாரசீகர் அழித்தனர். அதன்பின் அறிவின் நடுவிடம் ஏதென்ஸுக்கு மாறிற்று. அந்நகரத்தின் அமைப்பை அறியாதார் சாக்ரட்டீஸை அறியமாட்டார்.

கி.மு. 594-ஆம் ஆண்டில் ஸோலன் என்பார், கடனுக்காக ஏதென்ஸ் மக்களை அடிமைகொள்ளும் வழக்கத்தை ஒழித்தார். கி.மு. 508-இல் கிளைஸ்தனீஸ் மக்களைப் பத்துக் குழுவாகப் பகுத்து, குழுவிற்கு ஐம்பதின்மராக ஐந்நூற்றுவர் அவையை அமைத்தார். சட்டமியற்றலும் போர் தொடுத்தலும் குடிமக்கள் யாவரும் கூடும் பேரவையின் செயல்களாயின. அலுவலர் பெரும்பாலார் திருவுளச்சீட்டால் தெரிந்தெடுக்கப்பட்டனர். முப்பது வயது நிரம்பிய குடிமக்களுள் ஆண்டுதோறும் 6,000 பேர் நியாய மன்றத்திற்கு நடுவராகச் சீட்டால் அமைந்தனர். பெரிக்ளீஸ் அவர்க்கு நாட்கூலி ஏற்படுத்தினர். பின்னர் அது மூன்று ஒபலாக உயர்ந்தது. அதனால் வறியோரும் மன்றத்தில் அமர இயன்றது.

அம்மன்றத்தில் அரசாங்க வழக்கறிஞர் இலர். குடிமகன் எவனும் பிறனைக் குற்றஞ்சாட்டலாம். நடுவருள் ஐந்திலொரு பங்கினரேனும் உடன்படாராயின், சாட்டியவன் 1,000 திராக்மா தண்டம் இறுத்தல் வேண்டும். இருதிறத்தாரும் தாமே நின்று பேசுதல் வேண்டும். பேசுங் காலத்தை நீர்க்கடிகை அளந்தது. நடுவர் தம்முள் ஆராயாமலே உடன் வாக்களிப்பர். மேன்முறையீடு இல்லை.

இத்தகைய நகரத்திற் சொல்வன்மையே வாழ்வும் சாவுமாயிற்று. பேசத் தெரிந்தவன் பேரவையைத் தன்வழிப்படுத்தினான். தெரியாதவன் மன்றத்திற் பொருளையும் உயிரையும் இழந்தான். ஆகவே சொல்லைக் கற்பிப்பார் வேண்டப்பட்டனர். அப்டீரா ஊரினராகிய புரோட்டகொரஸும், கி.மு. 427-இல் லியாண்டினியினின்று தூதராக வந்த கார்ஜியாஸும் அத்தகையோர். இவரைச் 'சோபிஸ்தர்' என்ப. பெரும்பொருள் பெற்று இளைஞர்க்குச் சொல்லாற்றலைக் கற்பித்தனர். மனிதனே எல்லாவற்றிற்கும் அளவுகோல் என்பது புரோட்டகொரஸின் கொள்கை. பேரவையின் வாக்கே அறத்தையும் மறத்தையும் வகுத்த நகரத்தில் அக்கொள்கை எழுந்தது வியப்பன்று. எது மெய் என்பதினும் எது வெல்லும் என்பதே பெரிதாயிற்று.

திரிகையின் அடியில்

இக்குடியாட்சியைப் புகழ்வார் பலரும் மறக்கும் ஒன்றை ஈண்டு மறவாது கூறல் வேண்டும். பேரவையிற் பேசிய குடிமக்கள் அந்நாட்டு மக்களிற் சிறு பகுதியினரே. பெண்டிர்க்கு அதில் இடமில்லை. பிறவூரினின்று வந்து குடியேறியோர் எத்தனை தலைமுறை வாழினும் குடியுரிமை பெறுதல் அரிது. தாய் தந்தை இருவரும் ஏதென்ஸ் மக்களாயினார்க்கே உரிமை உண்டெனக் கி.மு. 451-இல் பெரிக்ளீஸ் சட்டம் செய்தார். இவர்க்கெல்லாம் கீழே பல்லாயிரவர் அடிமைகள். கி.மு. 413-இல் ஸ்பார்ட்டர் டெசெலியாவிற் பாடியிறங்கியதன் பின்னர் 20,000-க்கு மேற்பட்ட அடிமைகள் ஏதென்ஸை விட்டு ஓடினரென அந்நகரத்து வரலாற்றாசிரியராகிய துசிடிடீஸ் எழுதினர். மன்றத்தில் அடிமை சான்று கூறின், அதனை அவனை வதைத்துப் பெற்றாலன்றி ஏற்பதில்லை.

லாரியம் என்னுமிடத்து வெள்ளிச் சுரங்கங்களே அந்நகரத்துச் செல்வத்தின் வேர். குனிந்தும் தவழ்ந்தும் செல்லத்தக்க குறுகிய துரவுகளில் அடிமைகள் வெள்ளியை வெட்டினர். நிகியாஸ் என்னும் படைத்தலைவன் 1,000 அடிமைகளை, ஆளொன்றுக்கு நாளொன்றிற்கு ஓர் ஒபல் வீதம், சுரங்கத்திற்குக் குத்தகை விட்டானென ஸெனொபன் கூறுவர். இந் நிகியாஸ் யார்? பிளேட்டோ எழுதிய நூலொன்றிற் சாக்ரட்டீஸோடு அமர்ந்து வீரம் என்பது யாதென ஆராய்பவனும் அவனே. வீரத்தின் இலக்கணத்தை ஆராய்தற்கு அவனுக்குக் கிடைத்த ஓய்வு, ஆயிரவர் இருளிற் குனிந்து தேடிக்கொடுத்த ஓய்வாகும்.

இன்னுமொன்று காண்க. பிளேட்டோவின் மெனோ என்னும் நூலிற் சாக்ரட்டீஸ் அடிமைச் சிறுவன் ஒருவனை அழைத்து, ஒரு சதுரத்தின் இருமடங்கு பரப்புடைய சதுரத்தை எங்ஙனம் வரைவதென வினாமேல் வினாவாய்க் கேட்க, கணக்குக் கல்லாத அச்சிறுவன் தானே விடை காண்கின்றான். அறிவு உயிரின்கண் மறைந்து கிடத்தலின், அதனை நினைவுகூர்தலே கற்றலாம் என்பதை நிறுவுதற்கு இஃது ஆண்டுச் சான்றாகக் காட்டப்பட்டது. ஆண்டானுக்குள்ள உயிரும் அறிவுமே அடிமைக்கும் உள என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? எனினும், கணக்கு முடிந்ததும் அச்சிறுவன் மீண்டும் அடிமையே. அங்கிருந்தார் எவர்க்கும் அதுபற்றி ஓர் ஐயமும் எழவில்லை. திரிகை தன் சுழற்சியிற் காட்டாத பக்கத்தைக் குயவனும் கண்டிலன்.

சாக்ரட்டீஸின் வழக்கு

சாக்ரட்டீஸ் கி.மு. 469-ஐ யொட்டிப் பிறந்தவர். தந்தையார் கற்றச்சர், தாயார் மருத்துவிச்சி. தம் தொழிலும் தாயின் தொழிலே எனவும், பிறர் நெஞ்சிற் கருக்கொண்ட எண்ணத்தை வெளிக்கொணர்ந்து அது உயிருடையதோ அன்றோ என நோக்குதலே தம் பணி எனவும் அவர் கூறினாரெனப் பிளேட்டோ எழுதுவர். சோபிஸ்தரைப்போற் பொருள் பெற்றிலர், நூலெழுதிலர், கடைத்தெருவில் வறுங்காலோடு நின்று, அறம் யாது, பத்தி யாது, நன்மை யாது என வினவினர். அறிந்தோமென எண்ணியவர் அறியாமையை அவர்க்கே உணர்த்தினர். டெல்பை நகரத்துக் குறி கூறும் கோயில் தம்மினும் அறிஞர் இலரெனக் கூறியதற்கு, தாம் அறியாமையைத் தாம் அறிந்திருத்தலே காரணமெனத் தெளிந்தனர். நாட்டிற்காகப் பொட்டிடியா, டீலியம், ஆம்பிபொலிஸ் என்னும் மூவிடத்தும் போர் புரிந்தனர்.

இத்தகையாரை நகரம் எழுபது வயதுவரை பொறுத்தது. பின்னர்ப் பொறாதது என்னை? இடைப்பட்ட நிகழ்ச்சிகளைக் காண்க.

கி.மு. 431-இல் ஸ்பார்ட்டாவோடு பெரும்போர் மூண்டது. அடுத்த ஆண்டிலேயே கொள்ளைநோய் புகுந்து மக்களை மாய்த்தது, கி.மு. 429-இல் பெரிக்ளீஸும் இறந்தனர். கி.மு. 416-இல் மெலாஸ் தீவை வென்ற ஏதென்ஸார், அதன் ஆடவரைக் கொன்று பெண்டிரையும் சிறாரையும் அடிமைகளாக விற்றனர். அடுத்த ஆண்டு சிசிலிமேற் படையனுப்பினர். புறப்படும் வேளையில் தெருத்தொறும் நின்ற ஹெர்மீஸ் தெய்வத்தின் உருவங்கள் ஓரிரவிற் சிதைக்கப்பட்டன. தெய்வக் குற்றம் நேர்ந்ததென நகரம் நடுங்கிற்று. அப்படையும் கி.மு. 413-இல் முற்றும் அழிந்தது. சிறைப்பட்டோர் 7,000 பேர்க்குக் குறையாது சிரக்கூசின் கற்குழிகளில் வாடினர். கி.மு. 404-இல் ஏதென்ஸ் பணிந்தது. ஸ்பார்ட்டரின் துணைகொண்டு முப்பதின்மர் கொடுங்கோலாட்சி புரிந்து ஏறத்தாழ 1,500 பேரைக் கொன்றனர். அவருட் கொடியவனாகிய கிரிட்டியாஸ் முன்னர்ச் சாக்ரட்டீஸோடு பழகியவன். நாட்டை விட்டுப் பகைவர்பாற் சேர்ந்த ஆல்ஸிபயடீஸும் அவரொடு பழகியவனே.

சாக்ரட்டீஸோ எந்தக் கட்சிக்கும் பணிந்தவரல்லர். கி.மு. 406-இல், கடற்போரில் மூழ்கினோரை மீட்கத் தவறிய படைத்தலைவரையெல்லாம் ஒருங்கே வைத்து ஒரே வாக்காற் கொல்லப் பேரவை ஆரவாரித்தபோது, அன்று அவைத்தலைமைக் குழுவில் இருந்த அவர், அது சட்டத்திற்கு மாறெனக் கூறி உடன்பட மறுத்தார். முப்பதின்மர் ஆட்சியில் ஸலாமிஸ் ஊர் லியான் என்பானைக் கொலைக்குப் பிடித்துவர ஏவப்பட்டபோது, ஏவலை மறுத்துத் தம் வீட்டிற்குச் சென்றார். பலர் ஆட்சியின் சினமும் சிலர் ஆட்சியின் கொடுமையும் அவரை அசைத்தில.

கி.மு. 403-இல் குடியாட்சி மீண்டது. பழம்பகை பாராட்டாமைக்குச் சூளுறவும் செய்யப்பட்டது. அதனால் அரசியற் குற்றத்தை வெளிப்படச் சாட்டுதல் இயலாது. ஆயினும் நகரத்தின் நெஞ்சிற் புண் ஆறவில்லை. நான்காண்டு கழிந்து மெலிட்டஸ், அனைட்டஸ், லைக்கான் என்னும் மூவர் சாட்டிய குற்றங்கள் இவை: நகரம் வழிபடும் தெய்வங்களை அவர் ஏற்கவில்லை, புதியன புகுத்தினார், இளைஞரைக் கெடுத்தார். அரை நூற்றாண்டிற்குப் பின், கி.மு. 345-இல், ஈஸ்கினீஸ் என்னும் நாவலன், கிரிட்டியாஸுக்கு ஆசிரியராயிருந்தமையாலன்றோ சோபிஸ்தராகிய சாக்ரட்டீஸைக் கொன்றீர் என்று நடுவரை நோக்கி வெளிப்படையாகக் கூறினன். முன்னே மறைந்து நின்ற காரணம் அன்று வெளிப்பட்டது.

நடுவர் ஐந்நூற்றுவர் அமர்ந்தனர். கண்ணீர் விட்டு மனைவி மக்களைக் காட்டி இரத்தல் அந்நாட்டு வழக்கம். சாக்ரட்டீஸ் அதனைச் செய்திலர். முப்பது வாக்குக்கள் மறுபுறம் வீழ்ந்திருப்பின் அவர் விடுபட்டிருப்பர். அதாவது, ஏறத்தாழ 280 பேர் குற்றமுடையரென்றனர். 220 பேர் இல்லை என்றனர். தண்டம் யாது வேண்டுமெனத் தாமே கூறும் வாய்ப்பு அவர்க்கு இருந்தது. நகரத்திற்கு நன்மை செய்தார்க்கு அளிக்கும் பொதுமண்டபத்து உணவே தமக்குத் தகுமென்றார். பின்னர் நண்பர் பிணைநிற்க முப்பது மினா இறுப்பதாகக் கூறினர். நடுவர் மரணமே விதித்தனர். டீலாஸ் தீவிற்குச் சென்ற திருக்கப்பல் மீளுங்காறும் கொலை நிகழலாகாதென்னும் நோன்பால் அவர் சிறையிற் பல நாள் இருந்தனர். கிரிட்டோ என்னும் நண்பர் தப்பியோட வழிசெய்தும், தம்மை வளர்த்த சட்டத்தைத் தாமே முறித்தல் தகாதென மறுத்து, நஞ்சினை அமைதியோடு பருகி உயிர் துறந்தனர்.

இனி, முன்னெழுந்த வினாவிற்கு விடை கூறுதும். அவரைக் கொன்றவன் கொடுங்கோலனல்லன், ஏவலாளரும் அல்லர். சட்டப்படி கூடிய மன்றம், சட்டப்படி வாக்களித்துக் கொன்றது. வாழ்வு செழித்திருந்த நாளில் ஆராய்ச்சி நகரத்திற்கு அணியாயிருந்தது. தோல்வியும் நோயும் துரோகமும் வந்த நாளில் அதுவே ஐயத்திற்கிடமாயிற்று. அச்சமுற்ற மக்கள் தம் துன்பத்திற்குக் காரணம் தேடினர். சோபிஸ்தருக்கும் சாக்ரட்டீஸுக்கும் வேறுபாடு அறிந்திலர். கி.மு. 423-லேயே அரிஸ்டோபனீஸ் தம் நகை நாடகத்தில் அவ்விரு திறத்தாரையும் ஒன்றாக்கி மேடையேற்றியிருந்தனர். அறிவுடையோர் ஆராய்ச்சிக்கும் பொதுமக்கள் வழிபாட்டிற்கும் இடையே பாலமில்லை என முன்னர்க் கூறினாம். அப்பிளவினுள்ளே வீழ்ந்தவர் சாக்ரட்டீஸ்.

அதன் பின்

அவர் இறந்தபோது பிளேட்டோவிற்கு வயது இருபத்தெட்டு. கிரிட்டியாஸ் அவர் தாய்வழி உறவினன். கொல்லப்பட்டவர் அவர் ஆசிரியர். சிலர் ஆட்சியும் பலர் ஆட்சியும் அவர்க்கு வெறுப்பாயின. அறிஞரே அரசராதல் வேண்டும் என்னும் அவர்தம் கொள்கை அத்துன்பத்திற் பிறந்ததே. கி.மு. 387-ஐ யொட்டி அவர் நிறுவிய கலைக்கழகத்தில் இறக்குங்காறும் நாற்பதாண்டு கற்பித்தனர். ஆசிரியரைக் கொன்ற நகரமே மாணாக்கரை ஊறின்றி வாழவிட்டது என்பதும் நினைக்கத்தக்கது.

அரிஸ்டாட்டில் ஏதென்ஸில் அயலூரினர்; நிலம் கொள்ளும் உரிமையும் இலர். கி.மு. 335-இல் தம் பள்ளியை நிறுவியும், கி.மு. 323-இல் அலெக்ஸாந்தர் இறந்தபின் தெய்வக் குற்றஞ் சாட்டப்பட்டு, அந்நகரம் மெய்ந்நூலுக்கு இரண்டாமுறை தீங்கிழையாதிருக்கட்டுமெனக் கூறி நீங்கினாரென்ப. அடுத்த ஆண்டு கால்கிஸ் நகரில் இறந்தனர். அத்துணைப் பேரறிஞரும், மக்களிற் சிலர் இயல்பாகவே அடிமைகள் என எழுதினர். அடிமைமுறை இயற்கைக்கு மாறென்று கூறுவாரும் உளரென அவரே குறித்தமையின், அக்காலத்தும் உண்மையைக் கண்டார் சிலர் இருந்தமை புலனாம். பிற்றைக் காலத்து ஸ்டோயிக்குகள் ஒரே பேரறிவின் பகுதி யாவரிடத்தும் உளதெனக் கற்பித்தனர். கி.பி. முதல் நூற்றாண்டில் அவ்வறநெறிக்கு ஆசிரியராய் விளங்கிய எபிக்டீட்டஸ், பிறப்பால் ஓர் அடிமை. மெனோவின் சிறுவனிடத்துக் காணப்பட்டும் கருதப்படாது போன உண்மை, ஏறத்தாழ ஐந்நூறாண்டு கழிந்து தானே வாய்திறந்து பேசியது.

இதனால் நாம் அறிவன இரண்டு. சமுதாயம் அறிவிற்குத் துணைசெய்யும். அதுவே அறிவின் கண்ணை மறைத்தலும் செய்யும். எந்நாட்டு அறிஞரும் தம் காலத்துத் திரிகையின்மேல் நின்றே வனைகின்றனர். அத்திரிகை யார் தோள்மேற் சுழல்கின்றது எனக் குனிந்து நோக்குதல் அவர்க்கு அரிதாகின்றது. மற்றொன்று, ஒரு நாட்டின் அறிவுரிமையை அதன் வாழ்வுக் காலத்தில் அளத்தல் கூடாது; தாழ்வுற்று அஞ்சிய காலத்தில் தன்னை வினவுவாரை அது எங்ஙனம் நடத்துகின்றது என்பதே உரைகல். ஏதென்ஸ் அவ்வுரைகல்லில் முப்பது வாக்கினால் மாற்றுக் குறைந்தது. அந்த முப்பதின்மரின் பெயரும் ஊரும் எவரும் அறியார்; நம்மைப்போன்ற மக்களே அவர். ஆகலின், பிற நாட்டார் பிழையைக் கண்டு இகழ்தலை விடுத்து, அம்மன்றத்தில் யாம் அமர்ந்திருப்பின் எப்பக்கத்து வாக்கிட்டிருப்போம் என ஒவ்வொருவரும் தம் நெஞ்சை வினவுதலே இவ்வரலாற்றைக் கற்றதன் பயனாகும்.